பெல்விக் எக்ஸென்டரேஷன்: ஃபைல் சேர்ப்பதிலிருந்து வீட்டில் பை மாற்றுவது வரை

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தாயிற்று, கீமோவும் போட்டாயிற்று. ஒன்றிரண்டு வருடம் கழித்து அதே இடத்தில் நோய் திரும்பியிருக்கிறது. இன்னொரு முறை கரண்ட் வைக்க முடியாது என்கிறார்கள். "பெரிய ஆபரேஷன் ஒன்று இருக்கிறது, வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்" என்று டாக்டர் சொல்லியனுப்பியிருக்கிறார். அந்த இடத்தில் நிற்கும் குடும்பத்துக்காக இதை எழுதுகிறேன்.

அந்தப் பெரிய ஆபரேஷன்தான் பெல்விக் எக்ஸென்டரேஷன். இடுப்புக்குழிக்குள் இருக்கும் கர்ப்பப்பை, பிறப்புறுப்புப் பாதை, அவற்றோடு சிறுநீர்ப்பை அல்லது மலக்குடல், சில சமயம் இரண்டையும் ஒரே தொகுப்பாக எடுத்துவிடுவது. பெரும்பாலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் செய்வார்கள். பிறப்புறுப்புப் பாதை, வெளிப் பிறப்புறுப்பு, கர்ப்பப்பை உட்சுவர் ஆகியவற்றில் வந்த நோய் திரும்பும்போதும் சிலருக்குச் செய்வதுண்டு.

நான் புற்றுநோய் அறுவை வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ். சிறுநீரோ மலமோ வந்து சேர வயிற்றில் பை வைப்பவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "தேதி எப்போ கொடுப்பாங்க சிஸ்டர்?" என்றுதான். தேதி கடைசியில் வர வேண்டிய விஷயம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "நோய் மொத்தத்தையும் மிச்சமில்லாமல் எடுக்க முடியுமா?" கீழே உள்ள முதல் மூன்று படிகளும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடுவதற்குத்தான். அவற்றைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் அதிகம் கஷ்டப்பட்டார்கள்.

1. முதலில் ஃபைலைச் சேருங்கள்

பழைய ஆஸ்பத்திரிக்குப் போய் நான்கு பொருள்களை வாங்கி வாருங்கள். பயாப்ஸி (சதை எடுத்துச் செய்த பரிசோதனை) ரிப்போர்ட்டோடு, அந்தச் சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கும் கண்ணாடி ஸ்லைடும். கரண்ட் வைத்த விவரம், அதாவது வெளியிலிருந்து எத்தனை நாள், உள்ளே கருவி வைத்து எத்தனை முறை, மொத்த அளவு எவ்வளவு, முடிந்த தேதி என்ன என்பது. ஸ்கேன்களின் சி.டி. முன்பு ஏதாவது ஆபரேஷன் நடந்திருந்தால் அதன் குறிப்பு.

"ரிப்போர்ட் இருக்கே, போதாதா?" என்பார்கள். போதாது. இப்போது எடுக்கும் சதையும் பழைய சதையும் ஒரே நோய்தானா என்று ஒப்பிடுவதற்கு பிளாக் வேண்டும். கரண்ட் எந்தப் பகுதியில் எவ்வளவு பட்டது என்று தெரிந்தால்தான், எந்தக் குடல்துண்டு கெட்டுப்போகாமல் இருக்கும், அதை வெட்டிச் சிறுநீர் வழியாக்கலாமா என்று சர்ஜன் முடிவெடுக்க முடியும்.

ஒரு சின்ன விஷயம். அல்ட்ராசவுண்டு ஸ்கேனில் வரும் பளபளப்பான தாளை லேமினேட் செய்யாதீர்கள். அது சூட்டில் கறுக்கும் தாள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்து, முழுக்கக் கறுப்பாகிப்போன அட்டையோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. திரும்பியிருப்பது நோய்தானா?

கரண்ட் வைத்த இடம் கல் மாதிரி இறுகிவிடும். சில சமயம் சதை அழுகிப் புண்ணாகும். கையால் தொட்டாலும் ஸ்கேனில் பார்த்தாலும் கட்டி போலவே இருக்கும். உடம்பு முழுக்க நோயைத் தேடும் பெட் சி.டி. ஸ்கேனில் அழற்சியும் ஒளிரும், நோயும் ஒளிரும். அதனால்தான் கரண்ட் முடிந்து குறைந்தது மூன்று மாதமாவது விட்டு அந்த ஸ்கேனை எடுக்கச் சொல்கிறார்கள். அவசரப்பட்டு ஒரு மாதத்திலேயே எடுத்துவிட்டு, ஒளிர்கிறதே என்று குடும்பமே அழுது, பிறகு ஒன்றுமில்லை என்று ஆனதும் உண்டு.

சதை எடுத்துப் பார்த்து நோய் என்று உறுதியாகாமல் இந்த ஆபரேஷனுக்குப் போகக் கூடாது. மயக்கம் கொடுத்து, டாக்டர் கையால் சோதித்து, சிறுநீர்ப்பைக்குள்ளும் மலக்குடலுக்குள்ளும் கேமரா விட்டுப் பார்த்து, சந்தேகமான இடத்தில் சதை எடுப்பார்கள். விழித்திருக்கும்போது வலியில் உடம்பு இறுகியிருக்கும். கட்டி இடுப்பு எலும்போடு ஒட்டியிருக்கிறதா, அசைகிறதா என்பது மயக்கத்தில்தான் சரியாகத் தெரியும்.

"இன்னும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடலாமா?" என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போய்ச் சதை எடுக்கச் சொல்லாதீர்கள். கரண்ட் பட்ட சதை எளிதில் ஆறாது. திரும்பத் திரும்ப வெட்டினால் ஓட்டை விழுந்து, சிறுநீரோ மலமோ பிறப்புறுப்பு வழியாக ஒழுக ஆரம்பிக்கலாம். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் அதே பிளாக்கை எடுத்துக்கொண்டு போனால் போதும்.

3. நோய் எதுவரை போயிருக்கிறது?

இதற்கு இரண்டு ஸ்கேன் வேண்டும், இரண்டுக்கும் வேலை வேறு. பெட் சி.டி. நுரையீரல், கல்லீரல், வயிற்றின் மேல்பக்க நெறிக்கட்டிகள் என்று வெளியே எங்கேயாவது போயிருக்கிறதா எனப் பார்க்கும். எம்.ஆர்.ஐ. இடுப்புக்குழிக்குள் கட்டிக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா, மலக்குடலைத் தொடுகிறதா என்று காட்டும். ஒன்றை எடுத்துவிட்டு "அதுதான் பெரிய ஸ்கேன், இது எதுக்கு?" என்று மற்றதை விடாதீர்கள்.

நோய் நடுவில் மட்டும் இருந்தால்தான் இந்த ஆபரேஷனால் பலன். ஓரத்தில் கொஞ்சம் விட்டுவைத்துத் தைத்தால், உறுப்புகளும் போய், நோயும் அங்கேயே இருக்கும். சுற்றிலும் நோயில்லாத சதையோடு எடுக்க முடிகிறதா என்பதுதான் அவர் பிழைத்திருப்பதைத் தீர்மானிப்பதில் முதல் காரணம்.

நீங்களும் கவனிக்க வேண்டிய மூன்று அறிகுறிகள் உண்டு. ஒரு கால் மட்டும் வீங்குவது, பிட்டத்திலிருந்து காலின் பின்பக்கமாக இறங்கும் வலி, ஒரு பக்கச் சிறுநீரகம் வீங்கியிருப்பதாக ஸ்கேனில் வருவது. மூன்றும் சேர்ந்து இருந்தால் நோய் பக்கச் சுவரைப் பிடித்திருக்கலாம். பல பேர் கால்வலியை வாதம் என்று தைலம் தேய்த்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லாமலே விடுகிறார்கள். சொல்லுங்கள். பக்கச் சுவரையும் சேர்த்து எடுக்கும் விரிந்த ஆபரேஷன்கள் சில பெரிய மையங்களில் நடக்கின்றன, ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது.

நோய் வெளியே பரவியிருந்தால் ஆபரேஷன் வேண்டாம் என்பார்கள். அதைக் கைவிட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கீமோவோடு பெவாசிஸுமாப் சேர்ப்பது, தகுதியுள்ளவர்களுக்குப் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து, வலி நிவாரண சிகிச்சை என்று வேறு வழி உண்டு. முன்பு ஆபரேஷன் மட்டும் செய்து, கரண்டே வைக்காதவராக இருந்தால், பொதுவாகக் கரண்ட்தான் முதலில் யோசிக்கப்படும். இதைக் கேட்காமல் நேராக ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஸ்கேன் எடுத்த பிறகு மாதக் கணக்கில் தள்ளிப்போடுவதும் தவறு. மூன்று மாதப் பழைய படத்தை நம்பி வயிற்றைத் திறந்தால் உள்ளே படம் வேறாக இருக்கும்.

4. டாக்டர்கள் கூடிப் பேசுவதும், வீட்டில் நோயாளியிடம் பேசுவதும்

பெண்கள் புற்றுநோய் சர்ஜன், கதிர்வீச்சு டாக்டர், கீமோ டாக்டர், சிறுநீரக சர்ஜன், குடல் சர்ஜன், பிளாஸ்டிக் சர்ஜன் என்று எல்லோரும் உட்கார்ந்து ஒரு கேஸைப் பேசுவதை டியூமர் போர்டு என்பார்கள். இந்த ஆபரேஷனை ஒருவர் மட்டும் செய்ய முடியாது. போர்டு முடிவு எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மூன்று வகை உண்டு. முன்பக்கம் என்றால் சிறுநீர்ப்பை போகும், வயிற்றில் சிறுநீருக்கு ஒரு பை வரும். பின்பக்கம் என்றால் மலக்குடல் போகும், மோஷனுக்கு ஒரு பை. முழுசாக என்றால் இரண்டும் போகும், இரண்டு பை. சிலருக்குக் குடலைத் திரும்ப இணைத்துவிட முடியும், சிலருக்கு இரண்டையும் ஒரே வாயில் விட்டு ஒரே பையாக்குவார்கள். "எங்களுக்கு எந்த வகை, எத்தனை பை, நிரந்தரமா?" என்று நேராகக் கேளுங்கள்.

பலன் எவ்வளவு என்றும் கேளுங்கள். பல நாட்டு மையங்களின் கணக்கில், இந்த ஆபரேஷன் ஆன பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று முதல் ஐந்து பேர் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள். பாதிப் பேருக்காவது ஏதாவது ஒரு சிக்கல் வரும். சிலரை மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். உங்கள் கேஸில் இது மேலேயா கீழேயா என்பதை சர்ஜன்தான் சொல்ல முடியும். ஆனால் கேட்டால்தான் சொல்வார்.

இனி நான் அதிகம் பார்த்த தவறுக்கு வருகிறேன். "அம்மாகிட்ட மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க சிஸ்டர். கட்டியை மட்டும் எடுப்பாங்கன்னு சொல்லியிருக்கோம்." மகனோ மகளோ வராந்தாவில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு இதைச் சொல்வார்கள். பாசத்தில் சொல்கிறார்கள், எனக்குப் புரிகிறது. வேறு ஆபரேஷன் என்றால் எப்படியோ சமாளித்துவிடலாம். இதில் முடியாது. கண் விழித்ததும் அந்த அம்மாவின் கை தானாக வயிற்றுக்குத்தான் போகும். அங்கே இரண்டு பை தொங்கும்.

சொல்லாமல் கொண்டுபோன ஒருவர் பதினொரு நாள் போர்வையை விலக்கவே விடவில்லை. பையைப் பார்க்க மாட்டேன், தொட மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் கோபம் பையின் மேல் இல்லை. "ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல" என்றார் பன்னிரண்டாம் நாள். சம்மதக் கையெழுத்து போட வேண்டியது அவர். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்குத்தான்.

ஆகவே வரிசை இது: முதலில் டாக்டர் அவரிடம் சொல்லட்டும். பிறகு பையை அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஏற்கெனவே பையோடு வாழும் ஒரு பெண்ணிடம் அரைமணி நேரம் தனியாகப் பேச விடுங்கள். நாங்கள் பத்து நாள் விளக்குவதை அவர்கள் இருவரும் பத்து நிமிடத்தில் பேசிவிடுவார்கள்.

கணவன் மனைவி உறவு பற்றியும் முன்கூட்டியே பேச வேண்டும். பிறப்புறுப்புப் பாதை எடுக்கப்பட்டால் பழையபடி இருக்காது. வேறு இடத்துச் சதையை வைத்துப் புதிதாக அமைக்க முடியும், ஆனால் அதை இந்த ஆபரேஷனோடு சேர்த்துத் திட்டமிட வேண்டும். பின்னால் கேட்டால் மிகவும் கடினம். ஐம்பது வயதாகிவிட்டது, இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்று வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். நோயாளியை மாமியார், மகன் யாரும் இல்லாமல் தனியாக டாக்டரிடம் பேச வையுங்கள்.

5. உடம்பைத் தேற்றுவது: இரண்டிலிருந்து நான்கு வாரம்

இந்த இடைவெளி சும்மா காத்திருப்பதற்கு இல்லை. கரண்ட் பட்ட உடம்பு மெதுவாகத்தான் ஆறும். சத்தும் இல்லையென்றால் தைத்த இடம் பிரியும். கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது பொதுக் கணக்கு. 50 கிலோ இருப்பவருக்கு நாளைக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது என்றால், கஞ்சியும் ரசம்சாதமும் கொடுத்து இதை எட்ட முடியாது என்று புரியும். முட்டை, மீன், பால், தயிர், சுண்டல், கடலை என்று நாள் முழுக்கப் பிரித்துக் கொடுங்கள். ஆறு மாதத்தில் எடை பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் டயட்டீஷியனைப் பார்க்காமல் மேலே போக வேண்டாம். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் புரத அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சிறுநீரகம் அடைபட்டு, அது வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறியிருந்தால் முதுகுப்பக்கமாக ஒரு குழாய் விட்டுச் சிறுநீரை இறக்குவார்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள். கிரியேட்டினின் இறங்கினால்தான் மயக்க டாக்டர் சம்மதிப்பார்.

ரத்தசோகையைச் சரிசெய்வது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது எல்லோரும் சொல்வதுதான். புகையிலை பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை, பெண்கள் சிகரெட் பிடிப்பதில்லை என்ற நினைப்பில். வெற்றிலையோடு புகையிலை போடுகிறார்களே! நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும், ஒட்டிய சதை பிடிக்காமல் போகும். அன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

மூன்று பந்து இருக்கும் மூச்சுப் பயிற்சிக் கருவியை இப்போதே வாங்கிப் பழகுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்று வலியோடு கற்றுக்கொள்ள முடியாது. ரத்தம் கொடுக்க ஆட்களையும் இப்போதே பேசி வையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் செய்வதாக இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். பைக்கான செலவு மட்டும் ஆபரேஷனோடு முடியாது, அது மாதாமாதம் வரும் என்று கணக்கில் வையுங்கள்.

6. வயிற்றில் குறி போடுவது

ஆபரேஷனுக்கு முதல் நாள் பத்து நிமிட வேலை. இது தவறிப்போனால் வருடக்கணக்கில் அனுபவிக்க வேண்டியிருக்கும்.

பொதுவாகச் சிறுநீருக்கு வலது பக்கம், மோஷனுக்கு இடது பக்கம். தொப்புள், பழைய தையல் தழும்பு, விலா எலும்பு, இடுப்பு எலும்பு இவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் பை தட்டையாக ஒட்டாது. வயிற்றின் நேர்த்தசைக்குள் விழ வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் குடல் பிதுங்கும். இரண்டு குறியையும் ஒரே மட்டத்தில் போடாமல் ஒன்றைச் சற்று ஏற்றிப் போடுவோம். ஒன்றுக்கு பெல்ட் கட்ட வேண்டி வந்தால் அது மற்றதை அழுத்தக் கூடாது.

படுத்திருக்கும்போது மட்டும் குறி போட்டால் எல்லா வயிறும் அழகாகத் தட்டையாகத்தான் இருக்கும். உட்கார வைத்தால் மடிப்பு விழும். அந்த மடிப்புக்குள் ஸ்டோமா (சிறுநீரோ மோஷனோ வெளியே வர வயிற்றில் வைக்கும் வாய்) போய்விட்டால் பை தினமும் கழன்றுகொண்டே இருக்கும். அதனால் படுக்க, உட்கார, நிற்க, குனிய வைத்துப் பார்க்க வேண்டும். வயலில் வேலை செய்பவர் என்றால் குந்தவும் வைப்பேன்.

அப்புறம் பாவாடை. ஆஸ்பத்திரி கவுனோடு குறி போட்டு அனுப்பினால் நாடா எங்கே வரும் என்று தெரியாமலே போகும். எங்கள் ஊர்ப் பெண்கள் முப்பது நாற்பது வருடம் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டி, அங்கே தோலில் கறுப்புக் கோடே விழுந்திருக்கும். குறி அந்தக் கோட்டின்மேல் வரக் கூடாது. அவர் வீட்டில் கட்டுகிற பாவாடையைக் கொண்டுவரச் சொல்லிக் கட்ட வைத்து, பிறகுதான் பேனாவை எடுப்பேன். கடைசியாக, "குனியாமல் உங்களுக்கு அந்தக் குறி தெரிகிறதா?" என்று கேட்பேன். வயிறு பெரிதாக இருப்பவருக்குக் கீழே போட்டால் தன் கண்ணுக்கே தெரியாது, காலமெல்லாம் இன்னொருவர் மாற்றிவிட வேண்டும். அப்படியானவருக்கு மேலே போடுவோம்.

குறி போட்ட இடத்தில் ஒரு பையை ஒட்டி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அன்று இரவு அதோடு படுக்கச் சொல்வேன். காலையில் அவரே "இது கொஞ்சம் இடிக்குது" என்று சொல்லிக் குறியை மாற்றியதும் உண்டு.

மறுநாள் விடியற்காலையில் குளிக்க வைக்கும்போது குறியைத் தேய்த்துவிடாதீர்கள். நாங்கள் மேலே ஒரு கண்ணாடித் தாள் ஒட்டியிருப்போம், அதைப் பிய்க்கக் கூடாது. "ஏதோ அழுக்குன்னு நினைச்சேன்" என்று சோப்புப் போட்டுத் தேய்த்த அத்தை ஒருவரை மறக்க முடியாது.

7. ஆபரேஷன் நாளில் வெளியே காத்திருப்பவர்களுக்கு

உள்ளே நடக்கும் வரிசை தெரிந்தால் வெளியே பதறாமல் இருக்கலாம். வயிற்றைத் திறந்ததும் உடனே எதையும் வெட்ட மாட்டார்கள். முதலில் கல்லீரல், குடல், வயிற்றின் உள்சவ்வு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். சந்தேகமான நெறிக்கட்டியையும், பக்கச் சுவரில் சதையையும் எடுத்து உடனடிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதில் நோய் வெளியே பரவியிருப்பது தெரிந்தால், எதையும் எடுக்காமல் மூடிவிடுவார்கள்.

இதை நோயாளியும் நீங்களும் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு மணி நேரத்தில் டாக்டர் வெளியே வந்தால், சீக்கிரமே முடிந்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டிய ஆபரேஷன் இல்லை இது. ஆறு மணி நேரம், பத்து மணி நேரம், அதற்கு மேலும் ஆகலாம். நேரமாக ஆக, அநேகமாகத் திட்டப்படிதான் போய்க்கொண்டிருக்கிறது.

எடுக்கும் வேலை முடிந்ததும் கட்டும் வேலை. சிறுகுடலின் கடைசிப் பக்கத்தில் 15 முதல் 20 செ.மீ. துண்டைப் பிரித்து, இரண்டு சிறுநீர்க் குழாய்களையும் அதில் தைத்து, அதன் வாயை வயிற்றுக்கு வெளியே கொண்டுவருவார்கள். சிறுகுடல் கரண்டில் கெட்டிருந்தால் பெருங்குடலின் குறுக்குப் பகுதியைப் பயன்படுத்துவார்கள்.

காலியான இடுப்புக்குழியை அப்படியே விடக் கூடாது. குடல் அதற்குள் சரிந்து ஒட்டிக்கொள்ளும், சீழ் தேங்கும், ஓட்டை விழும். வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரையை இறக்கியோ, வயிறு அல்லது தொடையிலிருந்து தசையைத் திருப்பியோ அதை நிரப்புவார்கள். "தொடையில எதுக்கு வெட்டு?" என்று பிறகு கேட்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

8. முதல் இரண்டு வாரம்

ஐ.சி.யூ.விலிருந்து வரும்போது உடம்பில் எத்தனை குழாய், எது எதற்கு என்று சிஸ்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிறுநீர் ஸ்டோமாவிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் பைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். தைத்த இடம் ஆறும்வரை சிறுநீரை வழிநடத்துவது அவைதான். ஒன்றிரண்டு வாரத்தில் டாக்டர் எடுப்பார். பை மாற்றும்போது தப்பித்தவறி இழுத்துவிடாதீர்கள்.

ஸ்டோமா சிவப்பாக, ஈரமாக, வாயின் உட்பக்கம் போல இருக்க வேண்டும். தொட்டால் அதில் வலி தெரியாது. நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் ரத்தம் போகவில்லை என்று அர்த்தம். ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே சொல்லுங்கள். சிறுநீரில் வெள்ளையாகச் சளி மாதிரி வருவது சீழ் இல்லை. குடல்துண்டு எப்போதும் சுரப்பதுதான் அது.

வயிற்றுக்குள் தேங்குவதை வடிக்கும் டிரெயின் குழாயில் தண்ணீர் திடீரென்று அதிகமாகி, ஸ்டோமா பையில் சிறுநீர் குறைந்தால் தைத்த இடம் ஒழுகுகிறதோ என்று சந்தேகிப்போம். டிரெயின் தண்ணீரில் கிரியேட்டினின் பார்ப்போம். ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு இருந்தால் அது சிறுநீர். அளவைத் தினமும் நீங்களும் குறித்து வைத்தால் இந்த மாற்றம் சீக்கிரம் கண்ணில் படும்.

முடிந்தவரை சீக்கிரம் நடக்க வைப்பார்கள். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து இந்த ஆபரேஷனில் அதிகம். அதற்கான ஊசியைப் பொதுவாக நான்கு வாரம் போடுவார்கள், அதாவது வீட்டுக்குப் போன பிறகும். டிஸ்சார்ஜ் ஆகும்போது "ஊசி போதும்" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

9. பை மாற்றக் கற்றுக்கொள்வது

டிஸ்சார்ஜுக்கு முன் நோயாளியும் வீட்டில் இன்னொருவரும் தலா மூன்று தடவையாவது என் முன்னால் மாற்றிக்காட்ட வேண்டும். பார்த்தால் மட்டும் வராது.

சிறுநீர்ப் பையைக் காலையில் எழுந்ததும், காபி தண்ணீர் குடிப்பதற்கு முன் மாற்றுங்கள். அப்போதுதான் சொட்டு குறைவாக இருக்கும். வேண்டியதை எல்லாம் முதலில் எடுத்து வையுங்கள்: புதுப் பை, கத்தரிக்கோல், அளவு அட்டை, வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய பழைய காட்டன் துணி, குப்பைக் கவர். பாதியில் கத்தரிக்கோலைத் தேடி ஓடினால் சிறுநீர் வழிந்து தோல் நனையும், நனைந்த தோலில் எதுவும் ஒட்டாது.

பழைய பையைப் பிய்க்காதீர்கள். ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு மேலிருந்து கீழாக மெதுவாக உரியுங்கள். வெறும் தண்ணீரில் துடைத்து, ஒற்றி உலர்த்துங்கள். டெட்டால், பவுடர், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். எண்ணெய் தேய்த்துவிட்டு "பை நிக்கவே மாட்டேங்குது சிஸ்டர்" என்று போன் செய்வார்கள். உலர்த்தும் நேரத்தில் காட்டன் துணியைத் திரி போலச் சுருட்டி ஸ்டோமா வாயில் வைத்துக்கொண்டால் சொட்டு அதில் இறங்கும்.

ஓட்டை வெட்டுவதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மி.மீ. மட்டும் பெரிதாக இருக்க வேண்டும். பெரிதாக வெட்டினால் வெளியே தெரியும் தோலைச் சிறுநீர் அரித்துப் புண்ணாக்கும். இறுக்கமாக வெட்டினால் ஸ்டோமா அறுபடும். முதல் ஆறு முதல் எட்டு வாரம் ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும். ஆகவே முதல் நாள் அளவிலேயே இருபது பையை மொத்தமாக வெட்டி அடுக்கி வைக்காதீர்கள், வாராவாரம் அளந்து வெட்டுங்கள். ஒட்டியபின் உள்ளங்கையால் ஒரு நிமிடம் பொத்திப் பிடியுங்கள், சூட்டில் பசை நன்றாகப் பிடிக்கும்.

மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். நிறைய விட்டால் கனத்தில் கழன்றுவிடும். ராத்திரியில் நீளக் குழாயோடு பெரிய பையை மாட்டி, கட்டிலுக்குக் கீழே தொங்கவிடுங்கள். பை கசியாமல் இருந்தால் மூன்று முதல் ஐந்து நாளைக்கு ஒருமுறை மாற்றினால் போதும். கசிந்தால் அப்போதே மாற்ற வேண்டும், மேலே பிளாஸ்திரி ஒட்டிச் சமாளிக்கக் கூடாது.

10. வீட்டுக்குப் போன பிறகு

தண்ணீர் நாளைக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர். பை சீக்கிரம் நிறைகிறதே என்று குறைத்துக் குடிக்கிறார்கள். அப்படிக் குடித்தால் சளி கெட்டியாகி அடைக்கும், கல் வரும், சிறுநீரகம் பாதிக்கும்.

பின்புறத் தையல் ஆறும்வரை தட்டையான மெத்தென்ற திண்டில் கொஞ்ச நேரம் மட்டும் உட்காருங்கள். நடுவில் ஓட்டையுள்ள காற்றுத் திண்டு வேண்டாம், அது தையலை இரண்டு பக்கமும் இழுக்கும்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீர் நின்றுபோவது, மோஷனும் காற்றும் நின்று வாந்தி, ஒரு கால் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், பின்புறத் தையலிலிருந்து சிறுநீரோ மலமோ கசிவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மூச்சுத்திணறல் என்றால் 108க்கு அழையுங்கள்.

முதல் இரண்டு வருடம் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வார்கள். நோய் திரும்பியதா என்பதோடு, கிரியேட்டினினும் சிறுநீரக ஸ்கேனும் பார்க்க வேண்டும். தைத்த இடம் மெல்ல மெல்லச் சுருங்கினால் வலியே இல்லாமல் சிறுநீரகம் வீங்கும். சிறுகுடலின் கடைசிப் பகுதியை எடுத்தவர்களுக்கு வைட்டமின் பி12 அளவும் பார்ப்பார்கள்.

யூரின் டெஸ்ட் எழுதிக் கொடுத்தால் பையிலிருந்து பிடித்துக் கொடுக்காதீர்கள். பையில் எப்போதும் கிருமி இருக்கும், ரிப்போர்ட் பயமுறுத்தும், தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் போடுவார்கள். சுத்தம் செய்த ஸ்டோமாவுக்குள் மெல்லிய குழாய் விட்டு எடுக்க வேண்டும்.

கடைசி வேலை ஒன்று. வீட்டுக்குப் போன நான்காம் மாதம் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து, ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இரவு நேரம். சிறுநீர் போகவில்லை என்று சொன்னதும், வழக்கம்போலக் கீழே குழாய் போட முயன்றிருக்கிறார்கள். அங்கே சிறுநீர்ப்பை இல்லை என்று சொல்ல உடன் வந்தவருக்குத் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரி வீட்டில் பீரோவில் இருந்தது.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் ஒரு அட்டை எழுதிக் கொடுக்கிறேன். பர்ஸில் ஒன்று, போனில் படமாக ஒன்று. யாருக்கு எந்த வகை ஆபரேஷனோ அதற்கேற்ப வரிகள் மாறும். முழு எக்ஸென்டரேஷன் ஆனவருக்கு இப்படி: "சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் எடுக்கப்பட்டுவிட்டன. வலது பக்க ஸ்டோமா சிறுநீர், இடது பக்க ஸ்டோமா மோஷன். கீழே சிறுநீர்க் குழாய் போட வேண்டாம். மலத்துவாரம் மூடப்பட்டுள்ளது, எனிமாவோ மாத்திரையோ அந்த வழியில் வைக்க வேண்டாம். சிறுநீர் போகவில்லை என்றால் வலது ஸ்டோமாவையும் சிறுநீரகத்தையும் பார்க்கவும்." கீழே ஆபரேஷன் தேதியும் வார்டு போன் நம்பரும்.